அம்மா இன்னா ஷிப்ட்டு?

ஒரகடத்தில் கார் கதவுக்குக் கைப்பிடி செய்கிற ஒரு கம்பெனியில், கடைசிப் பரிசோதனை மேசையில் எனக்கு வேலை. பன்னிரண்டு வருடமாகிறது. எனக்கு முன்னால் நாலு பேர் பார்த்து, சரி என்று தள்ளிவிட்ட பொருளை நான் ஐந்தாவதாக எடுத்து, விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது ஆகாது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லோருக்கும் கோபம் வரும். சொல்லாவிட்டால் நான் அங்கே உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்தப் புத்தியைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிற பெருமையில் எது ஒட்டுப் போட்டது என்று யோசித்துக்கொண்டே சாப்பிடுவேன். என் கணவர் இதற்கு நேர் எதிர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிடங்கில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். "உன்னாண்ட இட்லி குடுத்தா கூட அடியில திருப்பிப் பாத்துட்டுதான் துன்னுவ" என்று கேலி செய்வார். திருப்பிப் பார்ப்பதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்தையெல்லாம் இணையத்தில் அனுப்ப ஆரம்பித்ததும் அவளுக்கு ஒரு டேப் வாங்க வேண்டியதாயிற்று. வாங்கிய அன்றே அதையும் விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் கம்பெனி கேட்டில் உள்ளே போகும்போது, படம் எடுக்க முடியாதபடி போன் கேமராமேல் செக்யூரிட்டி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அவரைக் கெஞ்சி நாலு ஸ்டிக்கர் வாங்கி வந்து டேப்பின் இரண்டு கண்ணையும் அடைத்தேன். ஒருநாள் டீச்சர் எல்லாரும் முகம் காட்டுங்கள் என்றபோது, வகுப்பில் முப்பது பிள்ளைகளின் முகம் தெரிய, என் மகளின் கட்டம் மட்டும் சிவப்பாக இருந்ததாம். வெட்கமாகப் போயிற்று என்று அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

அதோடு நிற்கவில்லை. எங்கள் மேசையில் பொருளைச் சரிபார்க்க ஒரு தாள் வைத்திருப்போம். கட்டம் கட்டமாக இருக்கும், பார்த்துப் பார்த்து டிக் போட வேண்டும். அதே மாதிரி ஒரு தாள் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பெயர் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடம் சொல்லக் கூடாது. முகவரி கூடாது, போன் நம்பர் கூடாது, போட்டோ கூடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் ஐந்து கட்டத்திலும் டிக் போடுவாள். நான் கீழே கையெழுத்துப் போடுவேன். ஒரு வாரம்கூட தவறியதில்லை. ஊரில் எந்த அம்மாவும் இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் கர்வமே இருந்தது.

எங்கள் வீடு படப்பையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிப் போட்ட புது மனைப்பிரிவில் இருக்கிறது. பக்கத்து மனைகளில் பாதி இன்னும் முள்ளும் கல்லும்தான். எங்கள் ஏரியாவில் முக்கால்வாசிப் பேர் கம்பெனிக்குப் போகிறவர்கள் என்பதால் ஒருவரை ஒருவர் பார்த்ததும் சாப்பாட்டைப் பற்றிக்கூடக் கேட்பதில்லை, "இன்னா ஷிப்ட்டு?" என்றுதான் கேட்போம். பெரியவர்களைக் காணாவிட்டால் பிள்ளைகளிடம் கேட்போம். எனக்கு ஒரு வாரம் பர்ஸ்ட், ஒரு வாரம் செகண்ட். பர்ஸ்ட் ஷிப்ட் என்றால் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பேன். செகண்ட் என்றால் மதியம் பன்னிரண்டரைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவேன். மகள் நாலேகாலுக்கு வந்து, சாவி போட்டுத் திறந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஏழு மணிக்கு அப்பா வரும்வரை தனியாக இருப்பாள். அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தை நினைத்துத்தான் நான் இத்தனை கட்டமும் போட்டேன்.

மாடியில் ஒரு அறையும் சின்ன சமையலறையும் வாடகைக்கு விட்டிருந்தோம். தென்காசிப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர், மூன்று பேரும் ஒரகடத்தில் வெவ்வேறு கம்பெனியில் வேலை. அதில் ஒருவன்தான் கொஞ்சம் பேசுகிறவன், இருபத்தைந்து வயதிருக்கும். மகளின் சைக்கிளில் செயின் கழன்றால் மாட்டிக் கொடுப்பான். அவன் பேச்சை அவள் அப்படியே பிடித்துக்கொள்வாள். அங்கே என்பதற்கு அவன் "அங்கன" என்பான், இங்கே என்றால் "இங்கன". கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில், "மா, என் பென்சில் பாக்ஸ் அங்கன கீதா பாரு" என்று எங்கள் 'கீது'வும் அவன் 'அங்கன'வும் கலந்த ஒரு மொழி உருவாகிவிட்டது. கணவர் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அவன் நல்லவனாக இருப்பதே எனக்கு உறுத்தலாக இருந்தது. வாடகைக்கு இருக்கிற பையன் வீட்டுக்காரர் மகளுக்கு எதற்காக செயின் மாட்ட வேண்டும் என்று யோசித்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் எனக்கு செகண்ட் ஷிப்ட். மதியம் பஸ்ஸுக்குக் கிளம்பி கேட்டைத் திறக்கும்போது அவன் மாடிப்படியில் இறங்கி வந்தான். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த முகம்.

"அக்கா, ஒரு நிமிசம். பாப்பா விசயமா ஒண்ணு சொல்லணும்."

"பாப்பா விசயம் உனக்கு இன்னாத்துக்கு?" என்றேன்.

"இல்லக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க..."

"எதுன்னாலும் ராத்திரி அவரு வந்ததும் அவராண்ட பேசு. எனக்கு பஸ் போயிடும்."

பஸ் போயிருக்காது. இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. என் மகளைப் பற்றி அவன் வாயால் ஒரு வார்த்தை கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு கணவர் வருவதற்குள் அவன் நைட் ஷிப்ட்டுக்குப் போய்விட்டிருந்தான்.

மறுநாள் சனிக்கிழமை காலை மகள் தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். டேப் சோபாமேல் கிடந்தது. அவள் படம் வரைந்து பிள்ளைகளோடு போட்டி போடுகிற ஒரு விளையாட்டு அதில் உண்டு. நான் சோதித்துப் பார்த்துத்தான் அனுமதித்திருந்தேன். அந்த விளையாட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள ஒரு மூலை இருக்கிறது என்பது என் சோதனையில் தப்பிவிட்டது. டேப் மினுக்கென்று எரிந்தது. எடுத்துப் பார்த்தேன்.

யூனிபார்ம் போட்ட ஒரு பெண் பிள்ளையின் படம். ஒன்பதாம் வகுப்பு அக்கா என்று போட்டிருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார்கள். நான் மெல்லப் படித்தேன்.

"அம்மா அடுத்த வாரம் என்ன ஷிப்ட்?"

அதற்கு மேலே, "அப்பா ஏழு மணிக்குத்தானே வருவாங்க?"

அதற்கு மேலே, "மாடியில அண்ணனுங்க அங்கன இருக்காங்களா, வேலைக்குப் போயாச்சா?"

அதற்கும் மேலே, "நான் கேட்டதை அம்மாகிட்ட சொல்லாத. நம்ம ரெண்டு பேருக்குள்ள."

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பத்திரமாக உள்ளே இருக்கிறாள் என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த நிமிடமே என் மூளை மேசைக்குப் போய்விட்டது. என் ஷிப்ட் தெரியும். கணவர் வரும் நேரம் தெரியும். மாடியில் ஆள் இருப்பது தெரியும். அப்புறம் அந்த ஒரு வார்த்தை. படப்பையில் பிறந்த எவரும் அங்கன என்று எழுத மாட்டார்கள். எனக்குத் தெரிந்து அப்படிப் பேசுகிற ஆள் ஒருவன்தான், அவன் என் தலைக்கு மேலே தூங்கிக்கொண்டிருந்தான்.

படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்து திறந்தான். டேப்பை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தான். அவன் முகம் மாறியது. அந்த மாற்றத்தை நான் குற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

"உன் போனைக் குடு" என்றேன்.

கொடுத்தான். கேமராமேல் அவன் கம்பெனி ஸ்டிக்கர் உரிக்காமல் அப்படியே இருந்தது. எனக்கு அதில் ஒன்றும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. விளையாட்டு எதுவும் இல்லை. அழித்திருப்பான் என்று நினைத்தேன்.

"அக்கா, இதத்தான் நேத்து சொல்ல வந்தேன். பாப்பா எங்கிட்ட சொல்லிச்சு, யாரோ இப்படி கேக்காங்கன்னு..."

"எம் பொண்ணு உன்னாண்ட எதுக்கு சொல்லுது? பெத்தவ நான் ஒருத்தி கீறேன்ல?"

"அது எனக்குத் தெரியலக்கா."

"தெரியாதா? எல்லாம் தெரிஞ்சுதான் கீது உனக்கு. இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க."

என் குரலுக்கு மற்ற இருவரும் எழுந்து வந்து அவன் பின்னால் நின்றார்கள். அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்திருக்கும். "சரிக்கா" என்று மட்டும் சொன்னான். மாதக் கடைசிவரை காத்திருக்கவில்லை. மறுநாள் மதியத்துக்குள் மூன்று பேரும் பாயையும் அடுப்பையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர், "விசாரிக்காம அனுப்பிட்டியே" என்றார். நான் விசாரிப்பதையே தொழிலாகக் கொண்டவள் என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.

மகள் அன்றைக்கு மத்தியானச் சோற்றை மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் அவளை டைனிங் டேபிளில் உட்கார வைத்தேன். எங்கள் கம்பெனியில் பழுதான பொருள் வெளியே போய்விட்டால் 'ஒய்-ஒய்', அதாவது ஏன்-ஏன், என்று ஒன்று போடுவோம். ஒரு தாளில் ஐந்து கட்டம். ஏன் நடந்தது என்று கேட்டு முதல் கட்டத்தில் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு ஏன் என்று கேட்டு இரண்டாவது கட்டம். இப்படி ஐந்து தடவை கேட்டால் ஆணிவேர் அகப்படும் என்பார்கள். ஒரே ஒரு விதி உண்டு. 'வேலை செய்தவரின் கவனக்குறைவு' என்று எந்தக் கட்டத்திலும் எழுதக் கூடாது. எழுதினால் மேனேஜர் சிவப்பு மையில் அடித்துத் திருப்பிவிடுவார். பதினோரு வயதுப் பிள்ளையிடம் யாராவது ஒய்-ஒய் போடுவார்களா என்று கேட்டால், நான் போட்டேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"என் ஷிப்ட்ட ஏன் சொன்ன?"

அவள் எழுந்து போய் பிரிட்ஜ் கதவிலிருந்து தாளைப் பிய்த்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "இதுல எங்க இருக்கு?"

பார்த்தேன். பெயர், பள்ளிக்கூடம், முகவரி, போன் நம்பர், போட்டோ. ஐந்திலும் அவள் டிக், கீழே என் கையெழுத்து. அந்த ஆள் இந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

"இல்லன்னா? அத போய் சொல்லலாமான்னு உனுக்கே ஏன் தோணல?"

"எல்லாரும் அதத்தானம்மா கேக்குறாங்க. ஸ்கூல் வேன் அங்கிள் கேக்குறாரு. அயர்ன்காரரு, அண்ணாச்சி கடையில, பூக்காரம்மா, எல்லாரும். அம்மா இன்னா ஷிப்ட்டுன்னு. நீ பக்கத்துல இருந்தா நீயே சொல்லுவ."

தெருவில் போகிற எவருக்கும் நான் நின்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் செகண்டு, அடுத்த வாரம் பர்ஸ்ட்டு, ஓ.டி. போட்டால் ஞாயிறும் உண்டு. எங்கள் வீட்டில் எப்போது ஆள் இருக்காது என்பதை நாங்களே வணக்கம் மாதிரி வாரி வழங்கிக்கொண்டிருந்தோம். பெயர் தெரிந்து எவன் என்ன செய்யப் போகிறான்? வீடு தெரிந்தவனுக்கு ஷிப்ட் தெரிந்தால் போதாதா?

"அது மேல் வூட்டு அண்ணா இல்லம்மா" என்று அவளே சொன்னாள். மூன்றாவது கட்டம். "அந்த ஆளு நம்ம மாடியில கீறவன் இல்லன்னு நீ ஏன் சொல்ற? அங்கனன்னு எழுதிகிது பாரு."

அவள் டேப்பைக் கேட்டாள். கொடுத்தேன். விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். மூன்று வாரத்துக்கு முந்திய பேச்சு வந்ததும் நிறுத்தி என் பக்கம் திருப்பினாள். அங்கே அவள்தான் முதலில் எழுதியிருக்கிறாள், "பச்சை கலர் அங்கன வேணாம்" என்று. அடுத்த வரியில் ஒன்பதாம் வகுப்பு அக்கா கேட்டிருக்கிறது: "அங்கனன்னா என்ன?"

"அங்கேன்னு அர்த்தம்" என்று என் மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "ஓ, நல்லா இருக்கு, நானும் இனிமே சொல்றேன்" என்று பதில் வந்திருக்கிறது.

அந்த ஆளுக்கு அந்த வார்த்தையே தெரியாது. தென்காசிக்காரன் எவனும் கேட்க முடியாத கேள்வி அது. என் மகளின் வாயிலிருந்து எடுத்து, அவளிடமே திருப்பிக் கொடுத்து, பழக்கமானவர் மாதிரி ஆகியிருக்கிறார்கள். நான் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். பெட்டியில் மேலே இருக்கும் பொருளை மட்டும் பார்த்து முத்திரை குத்தாதே என்று புதிதாக வருகிற பெண்களிடம் தினமும் கத்துகிறவள் நான்.

நாலாவதைக் கேட்கும்போது என் குரல் இறங்கியிருந்தது. "அம்மாகிட்ட சொல்லாதன்னு எழுதினாங்களே, அப்ப பயமா இல்லியா?"

"இருந்துச்சு. அதான் மேல் வூட்டு அண்ணாகிட்ட சொன்னேன். அவரு, மொதல்ல அம்மாகிட்ட சொல்லு பாப்பான்னாரு. நான் மாட்டேன்னேன். அப்ப நானே சொல்லுதேன்னாரு."

"என்னாண்ட சொல்ல மாட்டேன்னு ஏன் சொன்ன?"

இது ஐந்தாவது. அவள் டேபிளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். கணவர் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்.

"போன வருசம் ஒருத்தர் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பினாருன்னு உன்கிட்ட வந்து சொன்னேன்ல. நீ டேப்ப புடுங்கி ஒரு மாசம் பீரோல வச்சிட்ட. வீட்டுப்பாடம் அனுப்பாம மிஸ் என்ன வெளிய நிக்க வச்சாங்க." மாடிப் பக்கம் கண்ணை உயர்த்தினாள். "அண்ணா புடுங்க மாட்டாரு."

பேனா கையில் இருந்தது. ஐந்தாவது கட்டத்தில் நான் எதையும் எழுதவில்லை.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. வேலை செய்கிற யாரானாலும் ஒரு பொருளில் குறை கண்டால் அதில் சிவப்பு அட்டை கட்டித் தனியே வைக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புது சூப்பர்வைசர் வந்தார். அட்டை கட்டிய பெண்ணைத்தான் அவர் முதலில் திட்டுவார், நீ என்ன பண்ணினாய் என்று. இரண்டே வாரத்தில் லைனில் ஒரு சிவப்பு அட்டைகூட இல்லை. குறையே இல்லாத லைன் என்று அவர் மீட்டிங்கில் பெருமையடித்தார். எல்லாக் குறையும் என் மேசைக்கு வந்து குவிந்தது. அவரை நான் எத்தனை பேரிடம் எத்தனை நாள் முட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். என் மகள் போன வருடமே அட்டை கட்டிக்கொண்டுதான் வந்தாள். நான் அவளைத் திட்டினேன்.

அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "அண்ணாவ ஏன் போகச் சொன்ன?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் கட்டம் இல்லை.

மறுநாள் கணவர் டேப்போடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சைபர் பிரிவுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். அந்தக் கணக்கு அதற்குள் காணாமல் போய்விட்டிருந்தது. யூனிபார்ம் படம், பேர், எதுவும் இல்லை. மகளின் பேச்சு மட்டும் ஒரு பக்கமாக நின்றது. யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, பக்கத்துத் தெருவா வேறு தேசமா, தெரியாது. வேன் டிரைவரையும் அயர்ன்காரரையும் நான் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. அவர்கள் அதைக் கவனித்திருப்பார்கள். ஷிப்ட் கேட்டால் இப்போது, "அது மாறிகினே கீது" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறேன். செகண்ட் ஷிப்ட் வாரங்களில் மகள் பள்ளியிலிருந்து நேரே அடுத்த தெருவில் என் நாத்தனார் வீட்டுக்குப் போகிறாள்.

அந்தப் பையன் சேரப்பணஞ்சேரியில் அறை எடுத்திருப்பதாகக் கணவர் விசாரித்துச் சொன்னார். ஒரு பர்ஸ்ட் ஷிப்ட் நாளில் கம்பெனி பஸ்ஸிலிருந்து வழியிலேயே இறங்கி, விசாரித்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு பேர் இருக்கிற ஒரு ஓட்டு வீடு. வெளியே குழாயடியில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"தப்பு பண்ணிட்டேன் தம்பி" என்றேன்.

"பரவால்லக்கா. பாப்பா எப்படி இருக்கு?" என்று கேட்டான். அப்புறம் குழாயை மூடிவிட்டுச் சொன்னான், "அந்த வெள்ளிக்கிழமை நான் இன்னொண்ணும் சொல்ல இருந்தேன். முந்தின நாள் நாலரை மணி இருக்கும், நான் மாடியில தூங்கிட்டிருந்தேன். கேட்டு சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தா ஒருத்தன் உள்ள வந்து நிக்கான். ஹெல்மெட்டக் கழட்டல. யாருன்னு கேட்டேன். வீடு மாறி வந்துட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

"யாரு?"

"தெரியலக்கா. கூரியர்காரனா கூட இருக்கலாம். கையில ஒண்ணும் இல்ல."

அந்த வியாழக்கிழமை எனக்கு செகண்ட் ஷிப்ட். நாலரை மணிக்கு என் மகள் உள்ளே தனியாக இருந்தாள். மாடியில் அவன் இருந்தான். அவனைத்தான் நான் அனுப்பினேன். திரும்பி வந்துவிடுங்கள் என்று கேட்டேன். அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம் அக்கா என்று மெதுவாகச் சொன்னான். அது பொய்யாக இருக்கலாம் என்று தோன்றியது. அந்த ஒரு சந்தேகத்தை மட்டும் நான் மேற்கொண்டு கிளறவில்லை.

பிரிட்ஜ் கதவில் இப்போது தாள் எதுவும் இல்லை. ஆறாவதாக ஷிப்ட் என்று சேர்க்கலாம் என்று பேனாவை எடுத்தேன். ஏழாவது என்னவென்று எனக்குத் தெரியாது என்பதால் வைத்துவிட்டேன். மகளிடம் ஒன்று மட்டும் சொன்னேன். நீ எதை வந்து சொன்னாலும் டேப்பில் கை வைக்க மாட்டேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் அவளுடைய அம்மா, அவளுக்கும் திருப்பிப் பார்க்கிற புத்திதானே வரும்.

இரண்டு மாதம் அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை. டேப் சோபாமேல் மினுக்கும்போதெல்லாம் எழுந்து போய்த் துணி மடிப்பேன்.

போன சனிக்கிழமை காலை. மழை தூறிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள்.

"ஒண்ணு சொல்லுவேன். புடுங்கக் கூடாது."

என் வலது கை அதற்குள் பாதி தூரம் போய்விட்டிருந்தது. அதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். "சொல்லு" என்றேன்.

திருப்பிக் காட்டினாள். வேறு பேர். வேறு படம், இந்த முறை ஒரு நாய்க்குட்டி. பத்து வயது, சென்னை என்று போட்டிருந்தது. ஒரே ஒரு வரி வந்திருந்தது.

"ஹாய், புதுசா சேந்திருக்கேன். அங்கன மழையா?"

அவள் அந்த வார்த்தையின் கீழே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த கேம்ல இந்த வார்த்தைய நான் ஒருத்தருக்குத்தாம்மா சொல்லிக் குடுத்தேன்" என்றாள். டேப்பை அவளே என் மடியில் வைத்தாள்.